அப்பெண்டிசைடிஸைக் கண்டுபிடிக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி சுருக்கமாக: 13 வயது மகனுக்கு மதியம் தொப்புளைச் சுற்றி வலி. இரவுக்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது, இரண்டு தடவை வாந்தி. இரவு எடுத்த அல்ட்ராசவுண்டில் "அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை, வலது அடிவயிற்றில் சிறிதளவு நீர், புரோபால் அழுத்தினால் வலி" என்று எழுதினார்கள் (புரோப் என்பது வயிற்றின் மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவி). சர்ஜன் அட்மிட் செய்தார். மறுநாள் காலை இன்னொரு டாக்டர் ஸ்கேன் பார்த்தபோது 9 மி.மீ. வீங்கிய அப்பெண்டிக்ஸ், உள்ளே ஒரு கல். லேப்ராஸ்கோப்பியில் எடுத்தாயிற்று, பையன் நலம். முதல் ஸ்கேன் தவறா? நேராக சிடி எடுத்திருக்க வேண்டுமா? இந்த நோய்க்கு அல்ட்ராசவுண்டை நம்பலாமா?

பையன் நலம் என்பதில் மகிழ்ச்சி. நான் ஸ்கேன் பார்க்கும் டாக்டர். சக தொழில்காரரைக் காப்பாற்றுகிறேன் என்று நீங்கள் நினைத்தாலும் சரி, அந்த முதல் ஸ்கேனைத் தவறு என்று சொல்ல மாட்டேன். "அப்பெண்டிக்ஸ் நார்மல்" என்று எழுதியிருந்தால் தவறு. அவர் அப்படி எழுதவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை, ஆனால் அந்த இடத்தில் கொஞ்சம் நீர் இருக்கிறது, அழுத்தினால் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த சர்ஜன் பையனை வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் வைத்துக்கொண்டார். அந்த ரிப்போர்ட்டை வாசிக்க வேண்டிய விதம் அதுதான்.

வீங்கிய அப்பெண்டிக்ஸைத் திரையில் பார்த்துவிட்டால் அந்தப் பதிலைப் பெரும்பாலும் நம்பலாம். அடியிலிருந்து நுனி வரை முழுதாகப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் அதையும் நம்பலாம். பார்க்கவே முடியவில்லை என்றால் ஸ்கேன் இன்னும் பதில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நோயாளியின் வயிறும் ரத்தப் பரிசோதனையும் அடுத்த சில மணி நேரமும்தான் சொல்ல வேண்டும். சிக்கலே மக்கள் இந்த மூன்றாவது வகையை இரண்டாவது வகையாகப் படிப்பதால் வருவது. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்" என்று வீட்டுக்குக் கிளம்பி, மூன்றாம் நாள் வயிறு முழுக்கச் சீழோடு வருகிறவர்கள் இன்றும் உண்டு.

அப்பெண்டிக்ஸ் என்ற குடல்வாலில் வரும் இந்த அழற்சிக்கு அப்பெண்டிசைடிஸ் என்று பெயர் வைத்தவர் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ், 1886-ல். மூன்று வருடம் கழித்து நியூயார்க் சர்ஜன் சார்லஸ் மெக்பர்னி, இடுப்பெலும்பின் முன்முனைக்கும் தொப்புளுக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் எங்கே அழுத்தினால் அதிகமாக வலிக்கும் என்று எழுதினார். இன்றும் எல்லா மருத்துவ மாணவர்களும் அந்தப் புள்ளியில்தான் விரலை வைக்கிறார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருடம் இந்த நோயைக் கண்டுபிடித்தது பெரும்பாலும் சர்ஜனின் கைதான். கை தவறும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வெட்டி எடுக்கும் நூறு அப்பெண்டிக்ஸில் பதினைந்து, இருபது நன்றாகவே இருந்தால்கூட அது ஏற்றுக்கொள்ளக்கூடிய கணக்கு என்றுதான் பழைய சர்ஜன்கள் நினைத்தார்கள். அதைவிடக் குறைவாக இருந்தால், நீங்கள் தயங்கித் தயங்கி வெடித்த பிறகு திறக்கிறீர்கள் என்று அர்த்தமாம். இளம்பெண்களில் தவறுகள் இன்னும் அதிகம், ஏனென்றால் கருமுட்டைப் பையும் அதே மூலையில்தான் இருக்கிறது.

ஃபிட்ஸ் எழுதிச் சரியாக நூறு வருடம் கழித்து, 1986-ல், இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று சர்ஜன் அல்ஃப்ரெடோ ஆல்வரடோவின் மதிப்பெண் முறை. வலி இடம் மாறியதா, பசி இல்லையா, வாந்தி அல்லது குமட்டல் உண்டா, அழுத்திய கையை எடுக்கும்போது வலி கூடுகிறதா, காய்ச்சல் உண்டா, வெள்ளணுக்களில் இளம் நியூட்ரோஃபில் கூடியிருக்கிறதா என்பவற்றுக்கு ஒவ்வொரு மதிப்பெண், வலது அடிவயிற்றில் அழுத்தினால் வலி என்பதற்கும் மொத்த வெள்ளணு எண்ணிக்கை கூடியிருப்பதற்கும் இரண்டிரண்டு, ஆக மொத்தம் பத்து. உங்கள் பையனுக்கு நீங்கள் எழுதியதை மட்டும் வைத்தே இடம் மாறியதற்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று, அழுத்தினால் வலிப்பதற்கு இரண்டு என நான்கு வந்துவிட்டது. பசியும் போயிருக்கும், அது ஐந்து. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு கூடியிருந்தால் ஏழைத் தொட்டுவிடும், ஏழோ அதற்கு மேலோ என்றால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம். சர்ஜன் ஏன் விடவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

இன்னொன்று, நெதர்லாந்தின் ரேடியாலஜிஸ்ட் ஜூலியன் புய்லார்ட் எழுதிய கட்டுரை. அதுவரை குடலை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது வீண் வேலை என்றுதான் எண்ணம். ஒலியலை காற்றைத் தாண்டாது, குடல் முழுக்கக் காற்று, அப்புறம் எங்கே பார்ப்பது? புய்லார்ட் செய்தது மிக எளிமையானது. வலிக்கிற இடத்தில் புரோபை வைத்து, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அழுத்த அழுத்தக் குடலில் இருக்கும் காற்று பக்கவாட்டில் ஒதுங்குகிறது, புரோபுக்கும் அப்பெண்டிக்ஸுக்கும் இடையில் இருக்கும் தூரமும் குறைகிறது. திடீரென்று அழுத்தினால் நோயாளி வயிற்றை இறுக்கிக்கொள்வார், அதோடு கதை முடிந்தது. அதனால்தான் படிப்படியாக. அவருடைய முதல் 60 நோயாளிகளில் 28 பேருக்கு ஆபரேஷனில் நோய் உறுதியானது. அந்த 28 பேரில் 25 பேருக்கு ஸ்கேனிலேயே அப்பெண்டிக்ஸ் தெரிந்திருந்தது.

இந்த ஸ்கேனைச் சரியாகச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நிற்பவருக்கே ஓரளவு தெரியும். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் வளைந்த புரோபை வைத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு முடித்தால் போதாது. தட்டையான, உயர் அதிர்வெண் புரோபுக்கு மாற வேண்டும். ஏறு பெருங்குடலைப் பிடித்துக் கீழே இறங்கி, பெருங்குடல் தொடங்கும் பையான சீக்கத்துக்கு வந்து, சிறுகுடல் அதில் சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்றுக் கீழே தேட வேண்டும். பின்னணியில் இடுப்புத் தசையும் பெரிய ரத்தக்குழாய்களும் திரையில் தெரிந்தால்தான் போதுமான அளவு அழுத்தியிருக்கிறோம் என்று பொருள். அவை தெரியவில்லை என்றால், அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை என்று எழுத நமக்கு இன்னும் உரிமையே வரவில்லை. இது என் கருத்து, கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும்.

எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. நோயாளியிடம் "ரொம்ப வலிக்கிற இடத்தை ஒரே ஒரு விரலால் காட்டுங்க" என்பேன். புரோபை அங்கேயே வைத்தால் பாதித் தடவை தேடல் அங்கேயே முடிந்துவிடும். கையால் வட்டம் போட்டு வயிறு முழுக்கக் காட்டுகிறவர்களிடம் இது பலிக்காது. சின்னப் பிள்ளைகள் விரலை அழகாக வைப்பார்கள். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் இடது பக்கம் லேசாகச் சாய்த்துப் படுக்க வைப்பது, இன்னொரு கையை முதுகுப் பக்கம் கொடுத்து முன்னோக்கித் தள்ளுவது என்று சில வழிகள் இருக்கின்றன. சீக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அப்பெண்டிக்ஸ் பல நேரம் இந்த முதுகுக் கையால்தான் வெளியே வரும். 1933-ல் பிரிட்டிஷ் சர்ஜன் செசில் வேக்லி பத்தாயிரம் உடல்களை ஆராய்ந்து எழுதிய கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு அப்பெண்டிக்ஸ்கள் சீக்கத்துக்குப் பின்னால்தான் இருந்தன. பின்னால் வந்த ஆய்வுகளின் விகிதங்கள் மாறுபடுகின்றன. ஆனால் நாம் தேடும் பொருளுக்கு முன்னால் காற்று நிறைந்த ஒரு பை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்பது மட்டும் மாறவில்லை.

சரி, திரையில் என்ன பார்க்கிறோம்? ஒரு முனை மூடிய, அசையாத ஒரு குழல். சிறுகுடலும் குழல்தான், ஆனால் அது புழுப்போல் நெளியும், தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும், முனை கிடைக்காது. நல்ல அப்பெண்டிக்ஸை அழுத்தினால் காற்று இறங்கிய சைக்கிள் ட்யூப் மாதிரி தட்டையாகிவிடும். அழற்சி வந்தது தட்டையாகாது. குறுக்காகப் பார்த்தால் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். வெளி விட்டம் 6 மி.மீ.க்கு மேல் என்பது பாடப்புத்தக அளவு. உங்கள் பையனுக்கு 9, அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் தகராறு. காற்றோ மலமோ நிறைந்த நல்ல அப்பெண்டிக்ஸ் ஏழு மி.மீ. வரை சர்வசாதாரணமாகப் போகும். குழந்தைகளுக்கு அதன் சுவரில் நிணநீர்த் திசு அதிகம், ஒரு சாதாரண வைரஸ் காய்ச்சலிலேயே அது தடித்துக்கொள்ளும். அதனால் நான் அளவுகோலை விடச் சுற்றியிருக்கும் கொழுப்பைத்தான் அதிகம் பார்ப்பேன். அழற்சி இருந்தால் அந்தக் கொழுப்பு வெளுத்து, விறைத்து, அழுத்தினால் நகராமல் நிற்கும். உடம்பு அந்த இடத்தைப் போர்த்தி மூடப் பார்க்கிறது. 6.5 மி.மீ. அப்பெண்டிக்ஸைச் சுற்றி இப்படி வெள்ளைக் கொழுப்பு இருந்தால் கவலைப்படுவேன். 7 மி.மீ. இருந்தும் சுற்றுப்புறம் அமைதியாக இருந்தால், அழுத்தினால் தட்டையானால், நோயாளிக்கும் அங்கே வலி இல்லை என்றால், அது நோய் இல்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில் பார்க்கும்போது சுவரில் அந்த ஓட்டம் கூடியிருப்பதும் துணைச் சான்று. உள்ளே கல் இருந்தால் பின்னால் கறுப்பாக நிழல் விழும். சுவரின் நடுவில் வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டிய அடுக்கு எங்காவது அறுந்திருந்தால் அங்கே திசு அழுகத் தொடங்கியிருக்கலாம். ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரியைப் பார்த்தால் சர்ஜன் காலை வரை காத்திருக்க மாட்டார்.

இப்போது உங்கள் முதல் ஸ்கேனுக்கு வருவோம். இரவு ஏன் தெரியவில்லை, காலையில் ஏன் தெரிந்தது? முதல் காரணம் நேரம்தான். இரவு பார்த்தபோது வலி தொடங்கிச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. வீக்கம் குறைவாக இருக்கும்போது அப்பெண்டிக்ஸ் நல்ல குடலோடு கலந்து நிற்கும். இரவெல்லாம் வீங்கி 9 மி.மீ. ஆன பிறகு கண்டுபிடிப்பது எத்தனையோ சுலபம். காலையில் பார்த்தவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும், காற்றும் இடம் மாறியிருக்கும். அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. இது முழுக்க முழுக்கக் கையை நம்பிய பரிசோதனை. சிடி படத்தை யார் எடுத்தாலும் பிறகு இன்னொருவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். அல்ட்ராசவுண்டில் புரோபைப் பிடித்தவர் பார்க்காததை அப்புறம் யாரும் படத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதனாலேயே, சந்தேகம் தீராத நோயாளிக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்பது மதிப்புள்ள வேலை. "ஒரு தடவைதான் எடுத்தாச்சே" என்று வீட்டார் முகம் சுளிப்பார்கள். இதில் கதிர்வீச்சு கிடையாது, இரண்டாவது முறை எடுப்பதில் நஷ்டம் பணம் மட்டும்தான்.

தெரியாமல் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தடித்த உடம்பு ஒன்று. நுனியில் மட்டும் அழற்சி இருப்பது இன்னொன்று: அடிப்பகுதியைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நிறுத்தினால் நோய் தப்பிவிடும். மூன்றாவது கொஞ்சம் விபரீதமானது. அப்பெண்டிக்ஸ் வெடித்துவிட்டால் அதுவரை இருந்த வலி சிலருக்குக் கொஞ்ச நேரம் குறையும். உள்ளே அழுத்தம் இறங்கிக் குழலும் சுருங்கிவிடும், வயிறும் பலகை மாதிரி இறுகிக்கொள்வதால் புரோபை அழுத்தவே முடியாது. நோய் முற்றிய நிலையில்தான் அப்பெண்டிக்ஸ் தெரிவது கடினமாகிறது. அப்போது சீழ்க்கட்டி, கலங்கிய நீர், அசைவற்று உப்பிய குடல் என்று அக்கம்பக்கத்து அடையாளங்கள்தான் காட்டிக்கொடுக்கும். உங்கள் பையனின் ரிப்போர்ட்டில் இருந்த "சிறிதளவு நீர்" இந்த வகை அடையாளம்தான், சின்ன அளவில். அப்பெண்டிக்ஸும் தெரியவில்லை, இந்த அடையாளங்கள் எதுவும் இல்லை, மதிப்பெண்ணும் குறைவு என்றால் அது ஓரளவு ஆறுதலான ரிப்போர்ட். அவற்றில் ஒன்று இருந்தாலும் ஆறுதல் போய்விட்டது.

எண்களைக் கேட்பீர்கள். 2006-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, பெரியவர்களில் அல்ட்ராசவுண்ட் நோய் உள்ளவர்களில் 83 சதவீதத்தினரைப் பிடித்தது, நோய் இல்லாதவர்களில் 93 சதவீதத்தினரைச் சரியாக இல்லை என்றது. குழந்தைகளில் இவை 88, 94. சிடிக்கு இரு தரப்பிலும் ஏறக்குறைய 94. பார்க்க அருகருகே இருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் "தெரியவில்லை" என்று வந்தவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில் ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு விதம். அவர்களை வெளியே தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டால் ஸ்கேன் ரொம்ப அழகாகத் தெரியும்.

இந்த 83, 93 என்ற எண்களையே வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆல்வரடோ மதிப்பெண் குறைவாக உள்ள 100 பேர், அவர்களில் 10 பேருக்கு மட்டும்தான் உண்மையில் நோய் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் அந்தப் பத்தில் எட்டுப் பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 90 பேரில் ஆறு பேரை இருக்கிறது என்று தவறாகச் சொல்லும். ஆக "இருக்கிறது" என்று சொன்ன 14 பேரில் ஆறு பேருக்கு நோயே இல்லை! மறுபக்கம், "இல்லை" என்று சொன்ன 86 பேரில் இரண்டு பேருக்குத்தான் நோய். இப்போது மதிப்பெண் அதிகமுள்ள 100 பேரை எடுங்கள், 80 பேருக்கு நோய். ஸ்கேன் 66 பேரைப் பிடிக்கும், 14 பேரைத் தவறவிடும். நோய் இல்லாத 20 பேரில் 19 பேரை இல்லை என்னும். "இல்லை" என்று வந்த 33 பேரில் 14 பேருக்கு நோய் இருக்கிறது, கிட்டத்தட்டப் பாதி. இரண்டிலும் அதே மெஷின், அதே டாக்டர், அதே வாசகம். ஆள் மாறினால் ரிப்போர்ட்டின் எடை இப்படி மாறும். சர்ஜன் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் ஸ்கேன் பேப்பரை மட்டும் வைத்து முடிவெடுத்தால் நான் பயப்படுவது இதனால்தான். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் கடைசியிலும் "மருத்துவப் பரிசோதனையோடு பொருத்திப் பார்க்கவும்" என்று எழுதுகிறோமே, பலர் அதை ரேடியாலஜிஸ்ட் தப்பித்துக்கொள்ள எழுதும் வரி என்று கேலி செய்வார்கள். சில நேரம் அது உண்மைதான். அப்பெண்டிக்ஸ் விஷயத்தில் மட்டும் அந்த வரிக்கு முழு அர்த்தம் உண்டு.

அப்படியானால் நேராக சிடி? பெரியவர்களுக்கு, அதிலும் தடித்த உடம்புக்காரருக்கும் வயதானவருக்கும், நானே அதைச் சொல்வேன். அறுபது வயதில் வலது அடிவயிற்று வலி என்றால் சீக்கத்தில் புற்றுநோய் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். 13 வயதுப் பையனுக்கு அவசரமில்லை. சாதாரண வயிற்று சிடியில் 7 முதல் 10 மில்லிசீவர்ட் வரை கதிர்வீச்சு போகும், இயற்கையாக ஒருவருக்கு ஒரு வருடத்தில் கிடைப்பது உலக சராசரியில் 2.4. ஒரு சிடியால் ஒரு பிள்ளைக்கு நேரும் ஆபத்து மிகச் சிறியது, அதைச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது. அவசியமென்றால் தயங்காமல் எடுக்க வேண்டும். குறைந்த டோஸ் சிடியும் உண்டு. தென் கொரியாவில் 15 முதல் 44 வயது வரையிலான 891 பேரில் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், சுமார் கால் பங்கு கதிர்வீச்சிலேயே வழக்கமான சிடிக்கு நிகரான பலன் கிடைத்தது. இன்னொரு விஷயம்: சிடிக்கு வயிற்றுக்குள் கொழுப்பு வேண்டும், கொழுப்புதான் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஒல்லியான பிள்ளைக்கு அது இருக்காது. அல்ட்ராசவுண்டுக்கோ ஒல்லியான வயிறுதான் வரம். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது அல்ட்ராசவுண்டே போதும் என்பது என் அனுபவம்.

நெதர்லாந்து இதற்கு நல்ல உதாரணம். 2009-ல் அங்கே கடும் வயிற்று வலியோடு வந்த 1021 பேரை வைத்துச் செய்த ஆய்வில், எல்லோருக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட், அதில் முடிவு தெரியாதவர்களுக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தவர்களுக்கும் மட்டும் சிடி என்ற வரிசைதான் அவசர நோய்களை மிகக் குறைவாகத் தவறவிட்டது. சிடி தேவைப்பட்டது பாதிப் பேருக்குத்தான். அடுத்த வருடமே, படம் எடுத்து உறுதி செய்யாமல் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் கூடாது என்று அந்த நாட்டு வழிகாட்டுதலில் எழுதிவிட்டார்கள். பலன் என்ன? அங்கே எடுக்கப்படும் அப்பெண்டிக்ஸ்களில் நன்றாக இருப்பவை சுமார் 3 சதவீதம். அதே கால அளவில், பெரும்பாலும் கையையே நம்பியிருந்த பிரிட்டனில் ஐந்தில் ஒன்று. இரண்டும் வசதியான நாடுகள், இரண்டிலும் நல்ல சர்ஜன்கள். வரிசை மட்டும்தான் வேறு.

அல்ட்ராசவுண்டின் இன்னொரு பயனைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அப்பெண்டிக்ஸ் கிடைக்காவிட்டாலும் வேறு ஏதாவது கிடைக்கும். சிறுநீர்க் குழாயில் கல், குடலைச் சுற்றி வீங்கிய நிணநீர்க் கட்டிகள், டைபாய்டில் தடித்த சிறுகுடல் முனை, நம் பக்கத்தில் மறக்கவே கூடாத குடல் காசநோய். பெண்களுக்கு முறுக்கிக்கொண்ட கருமுட்டைப் பை, உடைந்த நீர்க்கட்டி, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம். இவற்றில் சில அப்பெண்டிசைடிஸை விட அவசரமானவை, சிலவற்றுக்கு ஆபரேஷனே வேண்டாம். பையன்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை: விதைப்பை முறுக்கிக்கொண்டால்கூட வலியை அடிவயிற்றில்தான் சொல்வார்கள், கூச்சத்தில் உண்மையான இடத்தைக் காட்ட மாட்டார்கள். அது ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டிய பிரச்சினை. வயிற்று வலி என்று வரும் பையனுக்கு அங்கேயும் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு முதல் தேர்வு அல்ட்ராசவுண்ட், அதில் தெரியாவிட்டால் எம்ஆர்ஐ. மாதம் கூடக் கூடக் கருப்பை குடலை மேலே தள்ளுவதால் தேடும் இடமும் மாறலாம். இந்தியாவில் இதோடு ஒரு காகித வேலையும் உண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டத்தின்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் மெஷினும் பதிவு செய்யப்பட வேண்டும், கர்ப்பிணிக்கு ஸ்கேன் என்றால் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். அந்தச் சட்டத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் பல வெளிநாடுகளில் அவசரப் பிரிவு டாக்டரே ஒரு சின்ன மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு நோயாளியின் கட்டிலுக்குப் போவதைப் போல இங்கே எளிதில் செய்ய முடியாது. மெஷின் ஒரு இடத்தில், அதைப் பயன்படுத்தத் தகுதி பெற்றவர் பகல் நேரத்தில். அப்பெண்டிக்ஸ் வலியோ இரவைத்தான் தேடிப் பிடிக்கும். சிறிய ஊர்களில் "காலையில ஸ்கேன் டாக்டர் வரட்டும்" என்று சொல்வது பெரும்பாலும் சோம்பேறித்தனம் இல்லை.

எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதுவும் கணிசமாக நடக்கிறது. வாயு, மலச்சிக்கல், மாதவிடாய் வலி என்று ஏதோ ஒன்றுக்காக ஸ்கேன் எடுக்கிறார்கள். 6.3 மி.மீ. அப்பெண்டிக்ஸ் கண்ணில் படுகிறது. "லேசான அப்பெண்டிசைடிஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். காய்ச்சல் இல்லை, வெள்ளணு நார்மல், வலது பக்கம் அழுத்தினால் வலி இல்லை, ஆனாலும் அடுத்த வாரம் ஆபரேஷன். மேலே போட்ட முதல் கணக்கை நினைவில் வையுங்கள், இது அந்த 14 பேரில் ஆறு பேர் கதை. இப்படி ஒரு ரிப்போர்ட் கையில் இருந்தால், அழுத்தியபோது தட்டையானதா, சுற்றியிருந்த கொழுப்பு எப்படி இருந்தது என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் அந்த இரண்டும் இல்லையென்றால் இன்னொருவரிடம் காட்டுவதில் தப்பே இல்லை.

கல்லைப் பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். இப்போது ஆபரேஷன் இல்லாமல் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்துப் பார்க்கும் வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் 1552 பெரியவர்களில் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களில் 29 சதவீதத்தினருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. உள்ளே கல் இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தால் அது 41 சதவீதம். ஆய்வு பெரியவர்களில் நடந்தது, இருந்தாலும் உங்கள் சர்ஜன் கல்லைப் பார்த்ததும் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. காலை ஸ்கேன் சொன்ன முக்கியமான செய்தி 9 மி.மீ. மட்டுமில்லை, அந்தக் கல்லும்தான்.

கடைசியாக, பலர் கேட்கும் இரண்டு சின்னக் கேள்விகள். வலி மருந்து கொடுத்தால் ஸ்கேனில் தெரியாமல் போகுமா? போகாது. வலி குறைந்தால் நோயாளி வயிற்றைத் தளர்த்துவார், எங்களுக்கு அழுத்திப் பார்ப்பது சுலபமாகும். வலி மருந்து கொடுப்பதால் நோயைக் கண்டுபிடிப்பதில் தவறு கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன, பிள்ளையைத் துடிக்க விட்டுக் காத்திருக்க வேண்டாம். ஸ்கேனுக்காக நிறையத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டுமா? அப்பெண்டிக்ஸுக்கு நிறைந்த சிறுநீர்ப்பை தேவையில்லை. கருமுட்டைப் பையைப் பார்க்க வேண்டிய பெண்களுக்குத்தான் அது உதவும், அதற்கும் டிரிப் ஏற்றினாலே போதும். ஆபரேஷன் வரலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் வாய்வழியாக ஒன்றும் கொடுக்காதீர்கள்.